சும்மா நிற்கும் கணினியில் 27 வீதம்: கல்லடியில் ஒரு யூஎஸ்பி போர்ட்டில் முடிந்த தேடல்

எந்த மென்பொருளும் திறக்கவில்லை. திரையில் டெஸ்க்டொப் மட்டும். ஆனாலும் ப்ரொசெசர் பாவனை 27 வீதத்தில் நின்றது. மவுஸ் இடையிடையே உறையும், பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரில் சொடசொடவென்று சத்தம் கேட்கும், சூம் வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டுதுண்டாக வரும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டிருந்தால் காசும் ஒரு நாளும் போயிருக்கும், 27 அப்படியே இருந்திருக்கும். பழுது மென்பொருளில் இல்லை.

கணினி, அலுவலகப் பாவனையிலிருந்து வந்த செக்கன்ட் ஹேண்ட் டெஸ்க்டொப். இன்டெல் ஐ5-4570 ப்ரொசெசர், நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலைத் தடம்), 3.2 கிகாஹேர்ட்ஸ். 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. மேசை கிழக்குப் பக்க யன்னலோடு ஒட்டி இருந்தது. இந்த யன்னல் விஷயம் பின்னால் தேவைப்படும்.

முதலில் டாஸ்க் மனேஜர். கணினி எழும்பியவுடன் பார்க்கும் எண்ணை நம்பக்கூடாது. அப்டேட், டிஃபெண்டரின் ஸ்கேன், தேடலுக்கான இன்டெக்ஸ் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடும். 15 நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு ப்ரொசெசஸ் பகுதியில் சிபியு (ப்ரொசெசர்) தலைப்பைச் சொடுக்கிக் கூடியது மேலே வரும்படி அடுக்க வேண்டும். இங்கே மேலே வந்தது சிஸ்டம் இன்டரப்ட்ஸ், 24க்கும் 25க்கும் இடையில். மற்ற எல்லாம் சேர்ந்து 2 அல்லது 3. டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போனால் சிஸ்டம் ஐடில் ப்ரொசெஸ் 70க்கு மேல் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ப்ரொசெசர் சும்மா இருக்கும் பங்கு, கூடக் கூட நல்லது.

சிஸ்டம் இன்டரப்ட்ஸ் உண்மையில் ஒரு மென்பொருள் அல்ல. வன்பொருள்கள் ப்ரொசெசரைக் கூப்பிடும்போது அதற்குப் பதில் சொல்லச் செலவாகும் நேரத்தை விண்டோஸ் அந்தப் பெயரில் காட்டுகிறது. நல்ல கணினியில் இது 0.1 முதல் 2 வீதத்துக்குள் நிற்கும். படலையைத் தட்டிவிட்டு ஓடும் பிள்ளையைப் போல ஏதோ ஒரு உதிரிப்பாகம் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே 25 வரும்.

25 என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். நான்கு த்ரெட் உள்ள ப்ரொசெசரில் ஒரு த்ரெட் முழுதாக அடைபட்டால் மொத்தத்தில் சரியாக 25 வீதம். எட்டு த்ரெட் உள்ளதில் அது 12.5. உங்கள் கணினியில் அசையாமல் நிற்கும் எண்ணை 100ஐ த்ரெட் எண்ணிக்கையால் பிரித்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ஒரு த்ரெட்டை ஏதோ ஒன்று முழுதாகப் பிடித்து வைத்திருக்கிறது. உறுதிப்படுத்த, பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்தில் வலது சொடுக்கி, வரைபடத்தை லொஜிக்கல் ப்ரொசெசர்ஸ் ஆக மாற்றி, ஷோ கேர்னல் டைம்ஸையும் போட வேண்டும். இங்கே முதல் கட்டம் கூரை வரை நிறைந்திருந்தது, மற்ற மூன்றும் தரையில். நிறைந்த கட்டம் முழுவதும் கடும் நிறம். கடும் நிறம் என்றால் இயங்குதளத்தின் உள் மையமான கேர்னலின் நேரம், அதாவது டிரைவர் (உதிரிப்பாகத்தை இயக்கும் மென்பொருள்) அல்லது வன்பொருள்.

இவ்வளவு தெரிந்த பின்னும் வைரஸ் பக்கம் ஒரு சுற்றுப் போக வேண்டியிருந்தது. காரணம், இதே விண்டோஸில் முன்பு யாரோ போட்ட, உரிமம் வாங்காமல் விண்டோஸைத் திறக்கும் இலவச அக்டிவேட்டர் ஒன்று இருந்தது. அந்த வகைக் கோப்புகளோடு கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருள் வருவது வழக்கம். சில கெட்டித்தனமானவை, டாஸ்க் மனேஜர் திறந்தவுடன் நின்று, மூடியவுடன் மறுபடி ஓடும். அதனால் மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் ப்ரொசெஸ் எக்ஸ்ப்ளோரரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பார்த்தோம். அங்கேயும் இன்டரப்ட்ஸ் வரிதான் 24 சொச்சம். நெட் கேபிளைக் கழற்றியும் மாற்றமில்லை. தோண்டும் மென்பொருள் என்றால் நெட் போனதும் பெரும்பாலும் அடங்கும். டிஃபெண்டரின் ஓஃப்லைன் ஸ்கேன் கணினியை ரீஸ்டார்ட் செய்து கால் மணித்தியாலம் ஓடியது, ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, கணினியில் தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும் ஓட்டோரன்ஸைத் திறந்து, மைக்ரோசொஃப்ட் பதிவுகளை மறைத்து, செடியூல்ட் டாஸ்க்ஸ் பகுதியில் பார்த்ததில் அந்த அக்டிவேட்டர் விட்டுப்போன ஒரு வேலை தினமும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டோரன்ஸில் எதையும் உடனே அழிக்கக்கூடாது. முதலில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, ஓரிரு நாள் பாவித்து, பிறகு அழிப்பதுதான் பாதுகாப்பு. அது போனது நல்லது. 27 போகவில்லை.

அடுத்தது தூசி. பக்க மூடியைத் திறந்தால், ப்ரொசெசரின் சூட்டை வாங்கும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் இடைவெளிகள் மணலும் நூலும் கலந்த சாம்பல் நிறப் பாய் மாதிரி அடைந்திருந்தன. கடற்கரை மணல் மின்விசிறிக்குள் போகாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. முற்றத்தில் வைத்து, ஒரு அங்குல பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஊதும் கருவியால் ஊதினோம். ஊதும்போது விசிறி இதழைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பெயரிங் தேயும். ஹீட்சிங்கின் நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தால், ப்ரொசெசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகப் பெயர்ந்தது. ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, நடுவில் சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொட்டுப் பேஸ்ட் வைத்து அழுத்தி, மறுபடி குறுக்குமறுக்காகவே முறுக்கினோம். பரப்பி விடத் தேவையில்லை, அழுத்தமே பரப்பும்.

வெப்பநிலை நன்றாக இறங்கியது. சும்மா இருக்கும்போது 52 பாகையில் இருந்தது 41 ஆனது. முழு வேலையில் 84 இருந்தது 66க்கு வந்தது. விசிறிச் சத்தமும் குறைந்தது. பாவனை மட்டும் அதே 27. வெப்பம் ப்ரொசெசரின் வேகத்தைக் குறைத்தால் அதே வேலைக்குக் கூடிய வீதம் தெரியும், உண்மைதான். ஆனால் இந்தக் கணினியில் வேகம் குறையவே இல்லை. டாஸ்க் மனேஜரில் கிகாஹேர்ட்ஸ் எண் 3.2க்கு மேலேதான் நின்றது. மூடியைத் திறக்க முன்பு அந்த எண்ணைப் பார்த்திருந்தால் இந்தச் செலவைத் தள்ளிப் போட்டிருக்கலாம்.

திருப்பம் ஒரு தாளில் எழுதி வைத்த குறிப்பிலிருந்து வந்தது. எந்த நேரத்தில் எத்தனை வீதம் என்று குறித்ததில், கச்சான் காற்று வீசும் உலர்ந்த மத்தியானங்களில் எண் தானாக 3க்கு இறங்கியது. இரவிலும் விடியற்காலையிலும் மழை ஓய்ந்த பிறகும் மறுபடி 27. வெப்பம் காரணமென்றால் மத்தியானத்தில் அல்லவா ஏற வேண்டும்? ஏறியது ஈரத்தோடு. ஈரத்தோடு மாறும் பழுது மின்தொடர்பில் இருக்கும், மென்பொருளில் இருக்காது. கல்லடியிலிருந்து தெற்கே ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி வரை ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இங்கே ஈரம் என்றால் உப்பும் சேர்ந்த ஈரம்.

இனி எந்த உதிரிப்பாகம் என்று பிரிக்க வேண்டும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4ஐ அழுத்தி, அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போனோம். அங்கேயும் 25. பிறகு, விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பினோம். ப்ரொக் (/proc) அடைவுக்குள் இன்டரப்ட்ஸ் என்றொரு கோப்பு உண்டு. அதை இரண்டு முறை சில விநாடி இடைவெளியில் திறந்து எண்களைக் கழித்துப் பார்த்தால் யார் தட்டுகிறார் என்று தெரிந்துவிடும். யூஎஸ்பி கன்ட்ரோலரின் வரி மட்டும் பாய்ந்து ஏறியது, மற்றவை அமைதி. கேர்னல் செய்திகளில் ஒரே போர்ட் இலக்கத்தோடு, கனெக்ட் டிபவுன்ஸ் தோல்வி (செருகல் நிலைக்கவில்லை) என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. விண்டோஸ் இல்லாமலே அதே பழுது வருகிறது. விண்டோஸை மறுபடி போடும் யோசனை அத்தோடு முடிந்தது. யாராவது கணினியை மறுபடி போடக் கொடுக்க முன் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். 4 ஜிபி பென்டிரைவ் போதும், எஸ்எஸ்டியில் உள்ள எதையும் இது தொடாது.

லினக்ஸ் வேண்டாம் என்றால், எந்த டிரைவர் ப்ரொசெசரின் நேரத்தைப் பிடிக்கிறது என்று விண்டோஸிலேயே காட்டும் லேட்டன்சிமொன் என்ற மென்பொருள் இருக்கிறது. அதன் டிரைவர்ஸ் பகுதியில் டிபிசி (இன்டரப்டுக்குப் பின் டிரைவர் செய்யும் மிச்ச வேலை) எண்ணிக்கை கூடிய டிரைவர் மேலே வரும்படி அடுக்கினால் யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர் டிரைவரும் டபிள்யூடிஎஃப் என்று தொடங்கும் மைக்ரோசொஃப்ட் டிரைவரும் மேலே வந்தன. இரண்டாவது பொதுவான அடித்தளம், பல டிரைவர்கள் அதன் மேல் ஓடுவதால் அதன் பெயரும் சேர்ந்து வரும். டிரைவர் பெயரைக் கண்டதும் அதை அப்டேட் செய்ய ஓடுவது வீண். டிரைவர் தகவல் கொண்டுவருகிறது, தட்டுவது போர்ட். டிரைவரை அழித்து மறுபடி போட்டும் பார்த்தோம், மாற்றமில்லை.

டிவைஸ் மனேஜரில் ஒவ்வொன்றாக டிசேபிள் செய்யும் வழியும் உண்டு. சவுண்ட், நெட்வேர்க் இரண்டையும் நிறுத்தினால் மாற்றமில்லை. யூஎஸ்பி போர்ட்டுகள் வந்து சேரும் யூஎஸ்பி ரூட் ஹப்பை நிறுத்தியவுடன் 27 சட்டென்று 2 ஆனது. கவனம்: ரூட் ஹப்பை நிறுத்தினால் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் அந்த நொடியே செத்துவிடும். பின்பக்கம் வட்டமான பிஎஸ்/2 துளை இருந்தால் பழைய கீபோர்ட் ஒன்றை முதலே செருகி வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். செருகிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் அது பிடிக்கும். அந்தத் துளை இல்லாவிட்டால் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

பின்பக்கத்தில் செருகியிருந்த எல்லாவற்றையும் கழற்றியும் பழுது தொடர்ந்ததால், மிச்சம் முன்பக்கப் போர்ட் இரண்டும்தான். கணினியை நிறுத்தி, சுவர் பிளக்கை எடுத்து, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் யூஎஸ்பி கேபிளை நேராக மேலே இழுத்துக் கழற்றினோம். எழுப்பியதும் முன்பக்க யூஎஸ்பி இணைக்கப்படவில்லை என்று பயொஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) நின்றது. அலுவலகக் கணினிகள் சிலவற்றில் இப்படி வரும், எஃப்1 அழுத்தினால் தொடரும். விண்டோஸ் வந்தது. சிஸ்டம் இன்டரப்ட்ஸ் 0.3. மொத்தம் 2 வீதம். ஸ்பீக்கர் சத்தமும் நின்றது.

கேபிளின் நுனியில் மல்டிமீட்டரை வைத்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. மதர்போர்டில் இந்தக் கேபிள் செருகும் ஊசிக் கூட்டமான யூஎஸ்பி 2.0 தலைப்பில் இரண்டு வரிசையாக 10 இடம், 9ஆம் இடத்தில் ஊசி இருக்காது. 1, 2 இரண்டும் 5 வோல்ட். 3, 4 டேட்டா மைனஸ். 5, 6 டேட்டா ப்ளஸ். 7, 8 கிரவுண்ட். ஒற்றை இலக்கங்கள் ஒரு போர்ட், இரட்டை இலக்கங்கள் மற்றது. மதர்போர்டிலிருந்து கழற்றிய நிலையில் 1க்கும் 3க்கும் இடையே தடை அளந்தால், நல்ல போர்ட்டில் மீட்டர் எல்லை கடந்து நிற்க வேண்டும். இரட்டைப் பக்கம் அப்படித்தான் நின்றது. ஒற்றைப் பக்கம் 200 கிலோ ஓம் வரம்பில் 18க்கும் 26க்கும் இடையே தள்ளாடியது. போர்ட்டின் வாயில் ஒருமுறை மூச்சு விட்டதும் 9க்கு இறங்கியது.

மதர்போர்டின் பக்கம் டேட்டா கம்பி ஒவ்வொன்றும் 15 கிலோ ஓம் தடையால் கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டிருக்கும். 5 வோல்ட்டிலிருந்து கசிவு சுமார் 22 கிலோ ஓமுக்குக் கீழே போனால் டேட்டா கம்பியில் 2 வோல்ட் தாண்டிவிடும், ஏதோ செருகப்பட்டது என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். 22க்கு மேலே ஏறினால் கழற்றப்பட்டது. 18க்கும் 26க்கும் இடையில் ஆடும் கசிவு, செருகினார், கழற்றினார், செருகினார் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. செருகல் உறுதியாக நிலைப்பதற்குள் கழன்றுவிடுவதால் விண்டோஸ் ஒலி எழுப்பவும் இல்லை, டிவைஸ் மனேஜரில் தெரியாத சாதனம் என்று ஒன்றும் வரவும் இல்லை. இவ்வளவு நாள் ஒளிந்திருந்ததும் அதனால்தான்.

உருப்பெருக்கியால் பார்த்தால் போர்ட்டின் நாக்கில் 5 வோல்ட் தகட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பக்கத்துத் தகடு வரை படர்ந்திருந்தது. மற்ற மூன்று தகடுகளும் கிட்டத்தட்டச் சுத்தம். உப்பு ஈரத்தில் மின்னழுத்தம் உள்ள செப்புத்தான் முதலில் அரிக்கும். கணினியை நிறுத்திய பிறகும் முன்பக்கப் போர்ட்டில் அளந்தால் 5 வோல்ட் இருந்தது. ஃபோனைச் சார்ஜ் செய்ய வசதியாக, சுவர் பிளக் போட்டிருக்கும் வரை அந்தப் போர்ட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். இரவு முழுக்கக் கடல் பக்க யன்னலோரம் ஈரமும் உப்பும் 5 வோல்ட்டும் ஒன்றாக இருந்தால் களிம்பு வராமல் எப்படி இருக்கும்?

சுத்தம் செய்து பார்த்தோம். பழைய பல் தூரிகையும் ஐசோப்ரொப்பைலும் கொண்டு தேய்த்ததும் மீட்டர் எல்லை கடந்தது. மறுநாள் விடியற்காலையில் 150 கிலோ ஓமுக்கு இறங்கிவிட்டது. ஐசோப்ரொப்பைலில் உப்பு சரியாகக் கரையாது. முதலில் பற்றறிக்கு ஊற்றும் வடிநீரால் கழுவி உப்பை எடுத்து, அதன் பிறகு ஐசோப்ரொப்பைலால் ஈரத்தை எடுக்க வேண்டும். அந்த வரிசையில் செய்தபோது 2 மெகா ஓமுக்கு மேலேயே நின்றது. ஆனாலும் தகட்டின் பூச்சுப் போய்ச் செப்பு வெளியே தெரிந்ததால் அது மறுபடி அரிக்கும். அந்தப் போர்ட்டை நம்ப மனம் வரவில்லை. முன்பக்கக் கேபிளைக் கழற்றியபடியே கட்டி வைத்துவிட்டு, கேசிங்கின் பின்பக்க வெற்று இடத்தில் பொருத்தும் இரட்டைப் போர்ட் தகடு ஒன்றை அதே 10 இடத் தலைப்பில் செருகினோம். வாங்க முன் தலைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில அலுவலகக் கணினிகளில் ஊசிகளின் அடுக்கே வேறு, அதில் சாதாரணத் தகடு பொருந்தாது. பலவந்தமாகச் செருகினால் 5 வோல்ட் டேட்டா கம்பியில் ஏறி போர்ட் எரியக்கூடும்.

செலவு ரூபாயில்: தேர்மல் பேஸ்ட் 1,800, ஐசோப்ரொப்பைல் 450, வடிநீர் 200, இரட்டைப் போர்ட் தகடு 750, சிலிக்கோன் போர்ட் மூடிகள் ஒரு பக்கெட் 600. மொத்தம் 3,800. 27 வீதத்தைத் தீர்த்தது அதில் 750 மட்டும். மல்டிமீட்டர் கையில் இருந்தது. இல்லாதவர்கள் மிக மலிவான டிஜிட்டல் மீட்டர் வாங்கினாலும் இந்த வேலைக்குப் போதும், 200 கிலோ ஓம் வரம்பு இருந்தால் சரி.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். டாஸ்க் மனேஜரில் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் 5 வீதத்தைத் தாண்டி நின்றால் வைரஸும் தூசியும் பிறகு. வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பது, அடுத்து முன்பக்கக் கேபிளைக் கழற்றிப் பார்ப்பது. இரண்டும் காசில்லாத வேலை, கால் மணித்தியாலத்துக்குள் முடியும். சிஸ்டம் இன்டரப்ட்ஸ் குறைவாக இருந்து வேறு ஒரு மென்பொருளின் பெயர் மேலே நின்றால் மட்டும் ஓட்டோரன்ஸும் ஓஃப்லைன் ஸ்கேனும் முதலில்.

பயொஸில் பவர் பகுதிக்குள் ஒரு தெரிவையும் மாற்றியிருக்கிறோம். டீப் ஸ்லீப், ஈஆர்பி, மக்ஸிமம் பவர் சேவிங்ஸ் என்று கணினிக்குக் கணினி பெயர் வேறு. எஸ்4 (ஹைபர்னேட்), எஸ்5 (முழுதாக நிறுத்திய நிலை) இரண்டுக்கும் போட வேண்டும், ஏனென்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எஸ்4இல்தான் படுக்கிறது. போட்ட பிறகு கணினியை நிறுத்திப் போர்ட்டில் அளந்தால் பூச்சியம். நிறுத்திய கணினியில் ஃபோன் சார்ஜ் ஏறாது, கீபோர்டால் கணினியை எழுப்ப முடியாது, வீட்டுப் பாவனைக்கு அவ்வளவுதான் இழப்பு. பயொஸில் அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் சுவர் சுவிட்சை நிறுத்துவது அதே பலனைத் தரும். மேசை உள் சுவருக்குப் போய்விட்டது. பாவிக்காத போர்ட்டுகளில் சிலிக்கோன் மூடி. கணினி முழுவதையும் பொலித்தீனால் மூடுவதைத் தவிர்க்கவும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் அங்கேயே படியும். வாடைக்காற்றுக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, பாவனை இல்லாவிட்டாலும் நாளுக்கு அரை மணித்தியாலம் கணினியை ஓட விட்டால் அதன் சொந்தச் சூடே உள்ளே காய வைக்கும்.

லப்டொப்பில் இதே பழுது வந்தால் கழற்றிப் பார்க்கக் கேபிள் வெளியே இல்லை. ஆனால் பல மாடல்களில் ஒரு பக்கத்து யூஎஸ்பி போர்ட்டுகள் தனிச் சிறு போர்டில், தட்டையான ரிப்பன் கேபிளால் மதர்போர்டோடு இணைக்கப்பட்டிருக்கும். அடி மூடியைத் திறந்து, முதலில் பற்றறி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிறகு அந்த ரிப்பனின் பூட்டைத் தூக்கி எடுத்துச் சோதிக்கலாம். சிறு போர்டை மட்டும் தனியாக வாங்க முடியும், மதர்போர்ட் மாற்றத் தேவையில்லை.